பாலேவாடி வழியே போகும் பெற்றோர்க்கு

புனே,
ஆகஸ்டு 2025

புனே நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் அனைவர்க்கும்:

கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், ராணுவத் தென்மண்டலத் தலைமையகத்தின் அலுவலகங்களிலும், ரயில்வேயிலும் உத்தியோகத்தை நாடி வந்து, இந்த ஊரைப் பூனா என்றே கடைசிவரை அழைத்து, இங்கேயே பேரன் பேத்தி கண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உங்களில் உண்டு. ஹிஞ்சவாடியின் கணினி நிறுவனங்களை நம்பி நேற்று வந்து, பாணேரிலும் வாகடிலும் அடுக்குமாடிகளில் குடியேறி, ஊரிலிருந்து வருகிறவர் கையில் முறுக்கும் அப்பளமும் எதிர்பார்த்திருக்கும் இளந்தம்பதிகளும் உண்டு. இரு சாராரையும் ஒருங்கே விளித்து எழுதத் துணிந்தமைக்குக் காரணம், இரு சாராருக்கும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் விஷயம் ஒன்றே என்பதும்தான்.

எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில், கார்கள் நிறுத்தியது போக எஞ்சிய சிறு வெளியில், மாலை வேளைகளில் பிள்ளைகள் பந்தாடுவார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு பெண்; தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். ஓடிவரும் பந்தை இடது காலால் அவள் தட்டி நிறுத்தும் லாகவத்தைக் காண்பதற்காகவே பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த காப்பியை ஆறவிட்டவன் நான். ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் அவளைக் காணோம். தகப்பனாரை லிஃப்டில் சந்தித்தபோது விசாரித்தேன். "எட்டாம் வகுப்பு வந்தாச்சு சார், இனிமே போதுமே" என்றார், சிரித்துக்கொண்டே. கோபமோ கண்டிப்போ அந்தச் சொல்லில் கடுகளவும் இல்லை. மாம்பழக் காலம் முடிந்தது என்று சொல்வதைப் போன்ற சகஜமான தொனி அது. அந்தத் தொனிதான் இம்மடலை எழுத வைத்தது. ஏனெனில், இந்தியப் பெண்கள் கால்பந்தின் ஐம்பது வருஷச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறவன், திறமைக் குறைவால் வந்த தோல்விகளைவிட, யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் எவ்விதத் துவேஷமும் இல்லாமல் "போதுமே" என்று சொல்லிவிட்டதால் வந்த தோல்விகளையே அதிகமாகக் காண்கிறான்.

அந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1975ஆம் வருஷம் லக்னோவில் இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் என்றொரு ஸ்தாபனம் தோன்றியது. பெண்களுக்கான முதல் தேசியப் போட்டியும் அவ்வருஷமே அந்நகரிலேயே நடந்தேறியது. ஆண்களின் ஆட்டத்தை நிர்வகித்துவந்த அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் வேறு, இது வேறு. பொருள்வளமோ பிரசித்தியோ இல்லாத இந்தத் தனி ஸ்தாபனத்தின் நிழலில், கல்கத்தாவின் பழம்பெரும் ஆட்டக்காரரும் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முதல் பயிற்சியாளருமான சுசீல் பட்டாச்சார்யா பயிற்றுவித்த பெண்கள், ஐந்தே வருஷங்களில் கண்டத்தின் இறுதியாட்டம் ஒன்றில் போய் நின்றார்கள். 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நம் நாட்டிலேயே, கோழிக்கோட்டில் நடைபெற்றது. இந்தியா இரண்டு அணிகளைக் களம் இறக்கியது. இறுதியாட்டத்தில் தைவானிடம் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்று, ஆசியாவில் இரண்டாம் ஸ்தானம் பெற்றோம். 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் ஸ்தானம். 1983இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதியாட்டம். இம்முறை தாய்லாந்திடம் 3–0 என்ற தோல்வி. அந்த 1983ஆம் வருஷத்திலேயே வங்கத்தின் சாந்தி மல்லிக், கால்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண்மணியானார்.

அந்நாளில் ஆசியாவில் பெண்கள் அணிகள் சொற்பம் என்பதையும், பின்னாளில் அடுத்தடுத்து ஏழு முறை பட்டம் வென்ற சீனா அப்போது களத்துக்கே வரவில்லை என்பதையும் மறைத்து, பழம்பெருமை பேசுவது என் நோக்கம் அன்று. பந்தயத்தில் சேர்ந்தவர்கள் சிலரே ஆயினும், அந்தச் சிலருள் நாம் முன்வரிசையில் இருந்தோம் என்பதும், பிறர் ஓடத் தொடங்கிய வேளையில் நாம் உட்கார்ந்துவிட்டோம் என்பதுமே நான் சொல்ல வருவது.

இதன் பொருள் முழுவதும் விளங்க வேண்டுமானால், பூமியின் மறுபுறத்துக்கு ஒருகணம் போய்வர வேண்டும். கால்பந்து என்றாலே நம் நினைவுக்கு வரும் பிரேசில் தேசம், 1941 ஏப்ரலில் பிறப்பித்த அரசாணை ஒன்றின் வாயிலாக, பெண்ணின் இயல்புக்குப் பொருந்தாதவை என்று கருதப்பட்ட விளையாட்டுகளை அவர்களுக்கு விலக்கிவைத்தது. கால்பந்தும் அந்த விலக்கில் அடங்கிற்று. அத்தடை நீங்கியது 1979இல். அதாவது, முப்பத்தெட்டு வருஷ விலங்கு கழன்று பிரேசில் நாட்டுப் பெண்கள் சட்டப்படி பந்தைத் தொடத் தொடங்கிய வேளையில், நம் பெண்கள் கோழிக்கோட்டில் ஆசியாவின் இறுதியாட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயரையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்: இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடி, அரை நூற்றாண்டு கழித்தே திறந்தது. நம் தேசத்திலோ அப்படி ஒரு சட்டம் எக்காலத்திலும் இருந்ததில்லை. சட்டத்தால் தடுக்கப்பட்ட தேசங்கள் அந்தச் சட்டத்தை நீக்கிய மறுநாளே முன்னேறிவிடவில்லை என்பது உண்மை. பிரேசிலிலும் பெண்கள் கால்பந்துக்கு முறையான விதிகள் வகுக்கப்பட 1983 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் தடை என்று ஒன்று எழுத்தில் இருந்தால் அதை எதிர்த்து வாதாடலாம், ஒருநாள் நீக்கலாம். எழுதப்படாத அலட்சியத்தை எந்த மன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது?

அலட்சியம் செய்த காரியத்தை எண்கள் சொல்லும். 1998 டிசம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நம் பெண்கள் பாங்காக் சென்றார்கள். பதினைந்து வருஷங்களுக்கு முன் இறுதியாட்டம் ஆடிய அதே பாங்காக். அங்கே சீனாவிடம் 16–0 என்ற கணக்கில் தோற்றார்கள். பதினாறு கோல்கள் வாங்கிய கோல்கீப்பரைப் பழிப்பது எளிது. அந்தப் பதினைந்து வருஷங்களில் அவருக்கும் அவருக்கு முன்னின்ற தடுப்பாட்டக்காரர்களுக்கும் எத்தனை சர்வதேச ஆட்டங்கள் கிடைத்தன என்று கேட்பதுதான் நியாயம். இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. 2009இல் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் தர வரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் நீக்கப்பட்டது. பதினெட்டு மாதங்களுக்குமேல் ஓர் ஆட்டமும் ஆடாத அணி ஜீவித்திருக்கும் அணியாகக் கணக்கில் கொள்ளப்படாது என்பது அந்நாளைய விதி. அங்கே தோல்விகூட நிகழவில்லை, ஆட்டமே நிகழவில்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனத்தொகை கொண்ட தேசம், பதினோரு பெண்களை ஒரு மைதானத்துக்கு அனுப்பி, வேறு பதினொருவரோடு தொண்ணூறு நிமிஷம் ஆடச் செய்ய மறந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் யார் என்றால், பெரும்பாலும் மணிப்பூரின் பெண்கள். 1995இல், பதினைந்து வயதில், இந்தியாவுக்காக முதன்முதல் ஆடிய ஓயினம் பெம்பெம் தேவி, ஆட்டம் கிடைத்த வருஷத்திலும் கிடைக்காத வருஷத்திலும் பயிற்சியைக் கைவிடாமல் இருபது வருஷங்களைக் கடந்தார். 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. அவருக்குப் பின் வந்த ஙாங்கோம் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமாகி, ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றார். ஆஷாலதா தேவி 2024 அக்டோபரில் தேசத்துக்காக நூறாவது ஆட்டம் ஆடினார். நம் பெண்களில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதலாமவர் அவரே. தேசியப் பட்டத்தை இருபது தடவைக்கு மேல் வென்ற அந்தச் சிறு ராஜ்யத்தில், பெண் பந்தை உதைப்பதை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. இவர்கள் உருவாக்கிய அணிதான் 2010, 2012, 2014, 2016, 2019 என்று தெற்காசியப் போட்டி தொடங்கிய நாள் முதல் ஐந்து முறையும் பட்டத்தைக் கைப்பற்றியது. அப்புறம் 2022இலும் 2024இலும் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்றோம். இரு முறையும் பட்டம் வங்கதேசத்துக்குப் போயிற்று. நாம் வளர்ந்த வேகத்தைவிட அயலார் வேகமாக வளர்ந்தார்கள் என்பதன்றி அதற்கு வேறு வியாக்கியானம் தேவையில்லை.

இனி, பிரேசிலும் நாமும் நேருக்கு நேர் சந்தித்த நாளுக்கு வருகிறேன். 2021 நவம்பர் 25ஆம் தேதி, அமேசான் காடுகளின் நடுவிலுள்ள மனாஸ் நகரில் அந்த ஆட்டம் நடந்தது. ஃபோர்மிகா என்ற பிரேசில் வீராங்கனை அன்று தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். ஏழு உலகக் கோப்பைகளும் ஏழு ஒலிம்பிக் போட்டிகளும் ஆடியவர். வயது நாற்பத்து மூன்று. அதாவது, பெண்கள் பந்தாடத் தடை இருந்த காலத்தில் பிறந்தவர். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே பிரேசில் கோல் போட்டது. எட்டாவது நிமிஷத்தில், பஞ்சாபின் ஹோஷியார்பூர் ஜில்லாவைச் சேர்ந்த மனீஷா கல்யாண் என்ற இளம்பெண், தனியே பந்தைக் கொண்டுசென்று வலைக்குள் செலுத்திக் கணக்கைச் சமன்செய்தார். முடிவில் 6–1 என்று தோற்றோம். 1979இல் யார் முன்னே நின்றார்கள், 2021இல் யார் எங்கே நின்றார்கள் என்பதை அந்த ஆறுக்கு ஒன்று சொல்லிற்று. ஆனால் அந்த ஒன்று வேறொன்றையும் சொல்லிற்று. ஆட்டம் கொடுத்தால் நம் பெண்ணாலும் பிரேசில் வலையை அசைக்க முடியும் என்பதே அது. மனீஷா மறுவருஷமே சைப்ரஸ் நாட்டுக் கிளப் ஒன்றுக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

மனாஸிலிருந்து இப்போது நம் ஊருக்குத் திரும்புகிறேன். உங்களில் பலர் தினந்தோறும் அலுவலகத்துக்குப் போகும் வழியில், பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பாலேவாடி ஸ்ரீ சிவ சத்ரபதி விளையாட்டு வளாகத்தைக் கடக்கிறீர்கள். 1994இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அவ்வளாகத்தின் உள்ளே, 2022 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நிகழ்ந்தவை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசியப் பெண்கள் கோப்பை அவ்வருஷம் நவி மும்பை, மும்பை, புனே மூன்று நகரங்களில் நடைபெற்றது. தொற்றுக்கு அஞ்சி நம்மில் பெரும்பாலோர் வீட்டினுள் அடைந்துகிடந்த அந்நாட்களில், ஜனவரி 30 அன்று இதே பாலேவாடியில், கோப்பையை வெல்லும் என்று எல்லோராலும் எதிர்பார்க்கப்பட்ட ஆஸ்திரேலியாவைத் தென்கொரியா வீழ்த்தியது. 87ஆவது நிமிஷத்தில் ஜி சோ-யுன் தூரத்திலிருந்து உதைத்த ஒரே கோல். அதே நாளில், அதே புல்வெளியில், பிலிப்பைன்ஸ் பெண்கள், சீனத் தைபே என்ற பெயரில் ஆடும் தைவானுடன் 1–1 என்று சமன்செய்து, பெனால்டி உதைகளில் வென்று, தங்கள் தேசத்தின் சரித்திரத்திலேயே முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆண்கள் அணிக்கு வாய்க்காதது பெண்கள் அணிக்கு வாய்த்தது. வெற்றியைத் தந்த கடைசி உதையை உதைத்த சரீனா போல்டன்தான், மறுவருஷம் வெலிங்டனில் நியூஸீலாந்துக்கு எதிராகத் தன் தேசத்தின் முதல் உலகக் கோப்பைக் கோலைப் போட்டவர். பிப்ரவரி 3 அன்று இரண்டு அரையிறுதி ஆட்டங்களும் பாலேவாடியில்தான். சீனா ஜப்பானைப் பெனால்டி உதைகளில் வென்று, பிறகு நவி மும்பையில் தென்கொரியாவை 3–2 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்துச் சென்றது. நம் ஊர்ப் புல்லில் பிற தேசத்துப் பெண்கள் தங்கள் நாட்டுச் சரித்திரத்தை எழுதிவிட்டுப் போனார்கள்.

நம் பெண்கள் எங்கே என்று கேட்கிறீர்கள். போட்டியை நடத்துகிற நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு இடம் இருந்தது. ஜனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானோடு கோல் இன்றிச் சமன்செய்தார்கள். 23ஆம் தேதி சீனத் தைபேயோடு ஆட வேண்டும்; அதற்குள் முகாமில் தொற்று பரவிவிட்டது. குறைந்தபட்சம் 13 ஆட்டக்காரர்களையாவது காட்ட வேண்டும் என்பது விதி. தலைகளை எண்ணினால் அவ்வளவு தேறவில்லை. ஆட்டம் நடக்கவில்லை. இந்தியா விலகியதாகக் கருதப்பட்டு, ஈரானோடு ஆடியதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டில் இன்னொரு சோதனை: அகில இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகச் சிக்கல்களுக்காக உலகச் சம்மேளனம் இந்தியாவைத் தாற்காலிகமாக விலக்கிவைத்தபோது, ஆசியக் கிளப் போட்டியில் ஆடுவதற்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள், பந்தைத் தொடாமலே திரும்ப நேர்ந்தது. முதலாவது நோயால் வந்தது. இரண்டாவது நிர்வாகிகளின் பூசலால் வந்தது. எதிலும் அந்தப் பெண்களின் குற்றம் அணுவளவும் இல்லை. ஆனால் இரண்டிலும் பறிபோனது ஒன்றே: ஆட்டம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்த ஜூலை மாதம் 5ஆம் தேதி நடந்ததைச் சொல்வதில் எனக்கு உண்டாகும் ஆனந்தத்தை நீங்கள் மன்னிக்க வேண்டும். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13–0 என்றும், கிழக்குத் திமோரை 4–0 என்றும், ஈராக்கை 5–0 என்றும் நம் பெண்கள் வென்றார்கள். மங்கோலியாவுக்கு எதிராகப் பியாரி சாசா ஒருவரே ஐந்து கோல்கள். தாய்லாந்தும் தன் மூன்று ஆட்டங்களில் வென்றிருந்தது. போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்தால் அவர்களும் 22, நாமும் 22, வாங்கியது இருவருக்கும் பூஜ்யம். கடைசி ஆட்டத்தில் வென்றவருக்கே இடம். எதிராளி, இருமுறை உலகக் கோப்பை ஆடிய தேசம், தர வரிசையில் 46, நாம் 70, மைதானமும் ஜனங்களும் அவர்கள் பக்கம். வங்கத்தின் சங்கீதா பாஸ்ஃபோர் முற்பாதியில் ஒன்றும், தாய்லாந்து சமன்செய்த பின் பிற்பாதியில் மற்றொன்றுமாக இரண்டு கோல்கள் போட, 2–1 என்று வென்றோம். தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைவது நம் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை. 1983இல் பாங்காக்கில் எந்தத் தேசத்திடம் இறுதியாட்டத்தை இழந்தோமோ, அந்தத் தேசத்தின் மண்ணிலேயே, நாற்பத்திரண்டு வருஷங்கள் கழித்து, பழங்கணக்கு நேரானது. இந்த மாதம் 10ஆம் தேதி யாங்கோனில் மியான்மரை 1–0 என்று வென்ற இருபது வயதுக்குட்பட்ட பெண்களும், இருபது வருஷங்களுக்குப் பிறகு தங்கள் பிரிவின் ஆசியக் கோப்பைக்குப் போகிறார்கள்.

வருகிற 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறவிருக்கும் ஆசியக் கோப்பையில் ஜப்பானும் வியத்நாமும் சீனத் தைபேயும் நம் பிரிவில் இருக்கின்றன. கோழிக்கோட்டில் நம்மை வென்ற அதே தைவான். நவி மும்பையில் நாம் எதிர்கொள்ள முடியாமற்போன அதே தைவான். அங்கே அரையிறுதியை எட்டும் நான்கு அணிகள், 2027இல் பெண்கள் உலகக் கோப்பை நடைபெறும் நாட்டுக்கு நேரே போகும். அந்த நாடு எது தெரியுமா? பிரேசில்.

"இதெல்லாம் மணிப்பூர்க்காரர்களுக்கும் பஞ்சாபிகளுக்கும் சரி, நமக்கு ஒத்துவருமா" என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. ஒத்துவந்துவிட்டது என்பதே என் பதில். 2018இல் கட்டாக்கில், தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதியாட்டத்தில் அந்த மணிப்பூரையே 2–1 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பெற்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் தேசிய அணியின் நடுக்களத்தில் ஆடியதோடு, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார்; பெருந்தொற்றின் ஊரடங்குக் காலத்தில் அவர் சென்னை வீதிகளில் காவல் பணியில் நின்றவர். அதே ஜில்லாவின் சந்தியா ரங்கநாதனும் தேசிய அணியின் சட்டையை அணிந்தவர். சியாங் மாய் சென்ற அணியில் பிரியதர்ஷினி செல்லதுரை என்ற நம் பெண் இருந்தார். 2019 தீபாவளிக்குப் பிகில் திரைப்படம் பார்த்து, படத்திலே பெண்கள் கோல் போட்டபோதெல்லாம் விசிலடித்துவிட்டு வந்த நாம், மெய்யாகவே மதுரை அணி ஒன்று ஐந்து மாதங்களுக்கு முன்பே கோப்பையை வென்றிருந்தது என்பதை அறியாதிருந்தோம் என்றால், ஆட்டம் நமக்கு ஒத்துவரவில்லை என்பதா, நம் கண் அங்கே போகவில்லை என்பதா?

உங்கள் ஆட்சேபங்களை நான் அற்பமாக எண்ணவில்லை. வெயிலில் தேகம் கறுத்துவிடும் என்கிறீர்கள். காலில் அடிபட்டால் நாளைக்குக் கல்யாணச் சந்தையில் கேள்வி வரும் என்று பாட்டிமார் அஞ்சுகிறார்கள். பத்தாம் வகுப்பும் அப்புறம் நுழைவுத் தேர்வும் இருக்கின்றன. மாலை மயங்கிய பின் பெண்ணைத் தனியே அனுப்ப மனம் துணியவில்லை. கடைசியாகச் சொன்ன அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, அவளை வீட்டில் நிறுத்துவதைக் காட்டிலும் நீங்களும் கூடப் போவது. மற்றவற்றுக்கு, நாம் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 1848இல், இதே புனேயின் பிடே வாடாவில், பெண்களுக்கென்று பள்ளி திறந்த சாவித்திரிபாய் பூலே, வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசுகிறவர்கள் உண்டு என்பதால் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வாராம். அன்று கல்வியைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆட்சேபங்களின் பட்டியலையும், இன்று கால்பந்தைப் பற்றி நாம் சொல்லும் ஆட்சேபங்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாறியிருப்பவை சில வார்த்தைகளே. அந்தப் பள்ளியின் பயனை இன்று அனுபவிக்கிறவர்களில் உங்கள் பெண்ணும் ஒருத்தி.

உங்கள் பெண் இந்தியாவுக்காக ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆயிரம் பெண்கள் ஆடினால் ஒருத்தி அங்கே போவாள். மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் கிடைப்பது திடமான தேகமும், தோற்றுவிட்டு மறுநாள் திரும்பி வரும் மனமும். ஆனால் அந்த ஆயிரம் பேர் இல்லாமல் அந்த ஒருத்தி இல்லை. தேசிய அணிக்கு ஆட்டம் கொடுக்க மறந்த நிர்வாகிகளை நாம் கடிந்துகொள்ளலாம்; கடிந்துகொள்ளவும் வேண்டும். ஆயினும் பதினெட்டு மாதம் ஆடாத அணியின் பெயரை வரிசையிலிருந்து நீக்கிய விதி, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் பொருந்தும்: ஒன்றரை வருஷம் பந்தைத் தொடாத கால், பரீட்சை முடிந்தபின் அதைத் தேடிப் போவதில்லை. அந்த நீக்கத்தை அறிவிக்க உலகச் சம்மேளனம் எதுவும் வராது. வீட்டுக்குள்ளேயே அது சத்தமின்றி நடந்துவிடும்.

ஆகவே என் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, எட்டாம் வகுப்பில் நிறுத்தாமல், பள்ளிப்படிப்பு முடியும்வரை வாரத்தில் மூன்று மாலைகளாவது அவளை ஆடவிடுங்கள். பத்தாம் வகுப்பின் டியூஷன் நேரத்தை வகுக்கும்போது அந்த மூன்று மாலைகளையும் தொடாமல் வகுங்கள். இரண்டாவது, குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில், கார் நிறுத்துமிடத்துக்காகக் குரல் எழுப்புகிற நீங்கள், பெண் பிள்ளைகளுக்கென்று மைதானத்தில் ஒருமணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்காகவும் ஒருமுறை எழுந்து நில்லுங்கள். மூன்றாவது, வருகிற மார்ச்சில் நம் பெண்கள் ஆஸ்திரேலியாவில் ஆடும்போது, கிரிக்கெட்டுக்காகத் தொலைக்காட்சியின் முன் அமர்கிற குடும்பம் முழுவதும், அந்தத் தொண்ணூறு நிமிஷமும் அமருங்கள். அவர்கள் தோற்றாலும் எழுந்து போகாதீர்கள்.

எங்கள் குடியிருப்பின் அந்தத் தகப்பனாரும் இம்மடலைப் படிப்பார் என்று நம்புகிறேன். பால்கனியில் நாற்காலி போட்டபடியே இருக்கிறது. பெண்ணைக் கீழே அனுப்புங்கள், சார்.

இப்படிக்கு,
உங்கள் அயலான் ஒருவன்